வாசற்படியில் சுமை வேண்டாம்: லினக்ஸ் கணினியின் முதல் விநாடிகள்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. வின்டோஸ் 11 இற்கு மாறுவதென்றால் கணினியில் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். செயலியும் பெரும்பாலும் 2017 இன் பிற்பகுதிக்குப் பின்னர் வந்ததாக இருக்க வேண்டும். செயின்ட்-மிஷேலில் எம்மவர் வீடுகளில் இருக்கும் மடிக்கணினிகளில் பல அதற்கு முந்தியவை. மூத்த பிள்ளை சீஜெப் போனபோது வாங்கியது, பிறகு இளையவருக்கு வந்தது, இப்போது அம்மாவோ அம்மம்மாவோ ஊர்ச் செய்தி பார்க்கவும் கோயில் பாட்டுக் கேட்கவும் பாவிப்பது. அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. எறிய வேண்டிய தேவையும் இல்லை.

இந்த நகரத்தில் பழைய கணினிகளைத் திருத்தி மறுபடி பாவனைக்கு விடும் இன்செர்டெக் போன்ற சமூக நிறுவனங்கள் நீண்ட காலமாக இருக்கின்றன. நாங்களும் எங்களால் இயன்ற அளவில், வார இறுதிகளில், தெரிந்தவர்களின் மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவிக் கொடுத்து வருகிறோம். வருபவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். தமிழில் தட்டச்சுச் செய்யலாமா? அச்சுப்பொறி வேலை செய்யுமா? வைபர் வருமா? இவற்றுக்கெல்லாம் பதில் இருக்கிறது. ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு: பொத்தானை அழுத்தியதிலிருந்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வரும் வரை, உள்ளே என்ன நடக்கிறது?

அந்தச் சில விநாடிகளைப் பற்றியதே இக்கட்டுரை. அந்த வாசற்படியை எவ்வளவு எளிமையாக வைத்திருக்கிறோமோ, அவ்வளவுக்கு அந்தக் கணினி பல வருடங்கள் பிரச்சினையில்லாமல் ஓடும் என்பதே நாங்கள் சொல்ல வருவது.

கறுப்புத் திரை என்றால் எல்லாம் போய்விட்டதா?

2023 ஏப்ரல் 5 ஆம் திகதி உறைமழை பெய்து, கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹைட்ரோ-கியூபெக் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பழைய மடிக்கணினிகளில் பற்றறி பெரும்பாலும் செத்துப் போயிருக்கும். எப்போதும் சுவரில் செருகியபடியே பாவிப்பார்கள். அப்படிப்பட்ட கணினிக்கு மின்வெட்டு என்பது ஓடிக்கொண்டிருக்கும்போது உயிரை நிறுத்துவது போன்றது. வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்த வேலை பாதியில் நிற்கும். பெரும்பாலான தருணங்களில் அடுத்த முறை லினக்ஸ் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். சில தருணங்களில் முடியாது. அப்போது கறுப்புத் திரையில் சில ஆங்கில வரிகளும், அடைப்புக்குறிக்குள் ஒற்றைச் சொல்லும், மினுங்கும் கோடும் மட்டும் தெரியும்.

இதைக் கண்டவுடன் வீட்டில் ஒரு பதற்றம் தொடங்கும். அந்தக் கணினிக்குள் இருப்பவை சாதாரணப் பொருட்கள் அல்ல. அகதி விண்ணப்பக் காலத்து ஆவணங்களின் பிரதிகள், ஊரிலிருந்து யாரோ கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிய பழைய காணி உறுதி, இறந்துபோன ஒருவரின் எஞ்சியிருக்கும் ஒரே படம். இந்தப் பதற்றத்தோடு அறிமுகமில்லாத ஒரு கடைக்குக் கொண்டுபோனால், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும்" என்ற பதில் வந்துவிடவும் கூடும்.

முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான்: தொடக்கக் கட்டத்தில் கணினி நின்றுவிட்டால், அது உங்கள் கோப்புகள் அழிந்ததற்கான அறிகுறி அல்ல. வாசற்கதவு திறபடவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் இருக்கும் பொருள் பெரும்பாலும் அங்கேயே பத்திரமாக இருக்கும். ஆகவே வாசற்கதவு எப்படித் திறக்கிறது என்று தெரிந்திருப்பது எமக்குப் பயன்படும்.

திறப்பு உள்ளே, பூட்டு வெளியே

பொத்தானை அழுத்தியதும் முதலில் எழும்புவது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் ஃபேர்ம்வெயர். இன்றைய கணினிகளில் அதற்கு யூ.ஈ.எஃப்.ஐ என்று பெயர். அது வன்தட்டின் ஒரு சிறு பகுதியைப் பார்த்து, அங்கிருக்கும் பூட்லோடர் என்ற சிறு நிரலை ஓடவிடும். லினக்ஸில் பெரும்பாலும் அது கிரப் என்ற நிரலாக இருக்கும். கிரப், லினக்ஸின் மையமான கேர்னலை வன்தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்து, "இனி நீ பார்த்துக்கொள்" என்று ஒதுங்கிவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. கேர்னல் வன்தட்டை வாசிக்க வேண்டுமென்றால் அந்த வன்தட்டுக்குரிய டிரைவர் தேவை. அந்த டிரைவர் இருப்பதோ அதே வன்தட்டில். அலுமாரியின் திறப்பை அலுமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற நிலை. வன்தட்டு கடவுச்சொல்லால் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும்.

இதற்குக் கண்ட வழிதான் இனிட்ராம்எஃப்எஸ். கேர்னலோடு சேர்த்து ஒரு சிறு பொதியையும் பூட்லோடர் நினைவகத்தில் ஏற்றிவிடும். வன்தட்டு டிரைவர்கள், கடவுச்சொல் கேட்கும் கருவி, பழுது பார்க்கும் சில கட்டளைகள் எல்லாம் அந்தப் பொதிக்குள் இருக்கும். கேர்னல் அதை விரித்து, அதிலுள்ள கருவிகளைக் கொண்டு உண்மையான வன்தட்டைக் கண்டுபிடித்துத் திறக்கும். திறந்த கையோடு அந்தப் பொதியைக் கலைத்து, அது பிடித்திருந்த நினைவகத்தையும் விடுவித்து, உண்மையான இயங்குதளத்திடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். 1990களில் இனிட்ஆர்டி என்ற பெயரில் இருந்த முறை, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கேர்னல் தொடரோடு இன்றைய வடிவத்துக்கு வந்தது.

1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் சில சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தச் சொட்டுப் பெற்றோலின் வேலை எஞ்சினைத் தொடக்குவது மட்டும்தான். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது மண்ணெண்ணெயின் வேலை.

இனிட்ராம்எஃப்எஸ் என்பது இந்தச் சொட்டுப் பெற்றோல்தான். வன்தட்டைக் கண்டுபிடி, திற, ஒப்படை, ஒதுங்கு. அதற்கு மேல் அதனிடம் வேலை வாங்கத் தொடங்கும்போதுதான் வில்லங்கம் ஆரம்பமாகிறது.

அந்த இடத்தில் பிழை வந்தால் உதவிக்கு ஆளில்லை

ஏன் வில்லங்கம்? கணினி முழுமையாக எழும்பிய பின்னர் ஏதாவது பிழைத்தால் எமக்கு எத்தனையோ வழிகள் உண்டு. இணையத்தில் தேடலாம். தூரத்தில் இருக்கும் மருமகன் இணையம் வழியாக உள்ளே வந்து பார்க்கலாம். பிழை விபரம் கோப்பில் பதிந்திருக்கும். ஆனால் தொடக்கக் கட்டத்தில் இவை ஒன்றும் இல்லை. பெரும்பாலும் இணையம் இருக்காது. வன்தட்டு இன்னும் திறபடாததால் பிழை விபரத்தை எழுதி வைக்க இடமும் இருக்காது. லினக்ஸின் வெறும் எழுத்துத் திரையில் ஒரே நேரத்தில் 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கொம்பும் காலும் விசிறியும் சேர்த்து எழுதும் தமிழை அதனால் ஒழுங்காகக் காட்ட முடியாது. ஆகவே எம் தாய்மாருக்கு அந்தத் திரையைத் தமிழில் வாசிக்கும் வழியும் இல்லை.

அதாவது, கருவிகள் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில்தான் பிழை வந்தால் பாதிப்பு மிக அதிகம். அந்த இடத்தில் வைக்கும் ஒவ்வொரு கூடுதல் வசதியும், உதவி கிடைக்காத இடத்தில் பழுதாகக்கூடிய இன்னொரு பொருள்.

இதற்குச் சான்றுகள் உண்டு. 1995 இல் தொடங்கிய கிரப், காலப்போக்கில் ஒரு சிறு இயங்குதளம் போலவே வளர்ந்துவிட்டது. பலவகைக் கோப்பு முறைமைகளை வாசிக்கும். மறைகுறியாக்கத்தைத் திறக்கும். படம் காட்டும். வலையமைப்பிலிருந்து பூட் செய்யும். தனக்கென ஒரு நிரல்மொழியும் வைத்திருக்கிறது. 2015 டிசம்பரில், ஸ்பெயினின் வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெக்டர் மார்க்கோ, இஸ்மாயில் ரிப்போல் ஆகியோர் அதில் ஓர் ஓட்டையை வெளிப்படுத்தினார்கள். கிரப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பின்னழிப்பு விசையை 28 தடவை அழுத்தினால், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போகலாம். 2009 இல் வந்த பதிப்பிலிருந்து அந்தப் பிழை அங்கேயே கிடந்திருக்கிறது.

அடுத்த வருடம், 2016 நவம்பரில், அதே இருவரும் இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்தில் இன்னொன்றை வெளியிட்டார்கள். வன்தட்டின் கடவுச்சொல் கேட்கும்போது என்டர் விசையை ஏறத்தாழ 70 விநாடிகள் அழுத்திப் பிடித்தால், அந்த ஸ்கிரிப்ட் களைத்துப்போய், முழு அதிகாரமுள்ள கட்டளைத் திரையைத் திறந்து கொடுத்துவிடும். மறைகுறியாக்கம் உடையவில்லை. ஆனால் வன்தட்டை அப்படியே பிரதி எடுக்கவோ அழிக்கவோ முடியும். கடவுச்சொல் பிழைத்தால் மறுபடி கேட்பது, வன்தட்டு எழும்பத் தாமதித்தால் காத்திருப்பது, ஒன்றும் சரிவராவிட்டால் உதவித் திரை கொடுப்பது என்று தனித்தனியாக நல்ல நோக்கத்தோடு சேர்த்த வசதிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதன் விளைவு அது.

2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற பெயரில் அறியப்பட்ட குறைபாடு வெளிவந்தது. கிரப் தன் அமைப்புக் கோப்பை வாசிக்கும் விதத்தில் இருந்த பிழை அது. அதைத் திருத்த அவசரமாக வந்த அப்டேட்டுக்குப் பிறகு, ரெட் ஹட், சென்ட்ஓஎஸ் போன்றவற்றை ஓட்டிய சில கணினிகள் பூட் ஆகாமலே நின்றன. பிழை வந்த இடமும் திருத்தம் இடறிய இடமும் அதே வாசற்படிதான்.

ஒரு வாசலில் இரண்டு வீட்டுக்காரர்

தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் வின்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பொத்தானை அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும். அப்படி இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று இங்கும் பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் ஒரே வாசற்படியை இரண்டு வீட்டுக்காரர் பாவிப்பது போன்றது அது. ஒருவர் பூட்டை மாற்றினால் மற்றவர் வெளியே நிற்க வேண்டி வரும்.

2024 ஓகஸ்ட்டில் அதுதான் நடந்தது. பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களைத் தடுக்கவென்று மைக்ரோசொப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளை அது தொடாது என்று சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பல கணினிகளில் தொட்டுவிட்டது. அடுத்த நாள் லினக்ஸைத் திறக்கப்போனவர்களுக்குப் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியோடு கணினி அணைந்து போனது.

ஆகவே வின்டோஸ் கட்டாயம் தேவைப்படாதவர்களுக்கு லினக்ஸை மட்டும் வைத்திருப்பதே நாங்கள் சொல்லும் ஆலோசனை. வருமான வரி மென்பொருள் போன்ற ஏதோ ஒன்றுக்காக வின்டோஸ் தேவையென்றால், இடமிருக்கும் கணினிகளில் அதை வேறொரு வன்தட்டில் வைப்பது ஓரளவு பாதுகாப்பானது.

கியூபெக் விசைப்பலகை

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மொன்றியலில் விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் கனேடிய பிரெஞ்சு விசைப்பலகை இருக்கும். அதில் ஷிஃப்ட்டோடு 2 ஐ அழுத்தினால் மேற்கோள் குறி வரும். 3 ஐ அழுத்தினால் சாய்கோடு வரும். அமெரிக்க விசைப்பலகையில் அதே இடங்களில் மின்னஞ்சலில் வரும் அட் குறியும் ஹாஷ் குறியும் இருக்கும். அமெரிக்க விசைப்பலகையில் சாய்கோடு இருக்கும் விசையில் இங்கே பிரெஞ்சு எழுத்தொன்று இருக்கிறது.

கிரப் வழமையாக அமெரிக்க விசைப்பலகையைத்தான் அறியும். இனிட்ராம்எஃப்எஸ் கட்டம், நிறுவும்போது தெரிவுசெய்த விசைப்பலகையை எடுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் திரைக்குள் போய் அமைப்புகளில் விசைப்பலகையை மாற்றினால் அது பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்கு எட்டாது. அதனால் குறியீடுகள் கலந்த "பலமான" கடவுச்சொல் ஒன்றை வைத்தவர், சரியாகவே தட்டச்சுச் செய்தும் உள்ளே போக முடியாமல் தவிப்பார். திரையில் எழுத்துத் தெரியாது. தெரிந்தால்தானே எங்கே பிழைக்கிறது என்று பார்க்கலாம்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, தொடக்கக் கட்டத்துக்குள் எல்லா விசைப்பலகை விபரங்களையும் திணித்து, கிரப்புக்கும் பிரெஞ்சு கற்பிப்பது. மற்றது, கடவுச்சொல்லை எளிமையாக்குவது. இரண்டு விசைப்பலகைகளிலும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் இலக்கங்களும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து ஆறு தமிழ்ச் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். நீளமாக இருப்பதால் ஊகிப்பது கடினம். அம்மம்மாவுக்கு நினைவில் நிற்கும். எந்த விசைப்பலகையிலும் பிழைக்காது. பிள்ளைகளின் பெயர், ஊரின் பெயர், பிறந்த திகதி மட்டும் வேண்டாம்.

பாரிஸிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கணினி என்றால் கவனம். அங்குள்ள விசைப்பலகையில் எழுத்துகளே இடம் மாறியிருக்கும்; இலக்கங்களுக்கும் ஷிஃப்ட் தேவை. நிறுவும்போதே சரியான விசைப்பலகையைத் தெரிவுசெய்து, கையோடு ஒருமுறை அணைத்துத் திறந்து சோதித்துப் பார்க்க வேண்டும்.

எளிமை வேறு, சிறிதாக்குவது வேறு

எளிமை என்றதும் சிலர் உடனே கத்தரிக்கோலை எடுத்துவிடுவார்கள். அதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2008 செப்டெம்பரில், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த அர்யன் வன் டி வென், ஔக்க கொக் ஆகிய இருவரும், ஒரு சிறிய ஏசுஸ் ஈ-பீசி மடிக்கணினியில் லினக்ஸை ஐந்தே விநாடிகளில் எழுப்பிக் காட்டினார்கள். கேர்னலுக்கு ஒரு விநாடி, தொடக்க வேலைகளுக்கு ஒரு விநாடி என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். தேவையான டிரைவர்களைக் கேர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டதால் இனிட்ராம்எஃப்எஸ் போன்ற பொதியே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்த ஒரு வகைக் கணினிக்கு அது சரி. ஆனால் எம் வீடுகளில் நடப்பது வேறு. ஒரு மடிக்கணினியின் திரை உடைந்தால் அதன் வன்தட்டைக் கழற்றி இன்னொன்றில் போட்டுவிடுவோம். இந்தக் கணினிக்கு மட்டும் என்று இறுக்கிக் கத்தரித்த தொடக்கப் பொதி, மற்றக் கணினியில் எழும்பாமல் போகலாம். டெபியன், உபுண்டு போன்றவை வழமையாகப் பலவகை வன்தட்டுகளுக்கான டிரைவர்களையும் சேர்த்தே பொதி கட்டுகின்றன. ஃபெடோரா அந்தந்தக் கணினிக்கென்று கட்டினாலும், எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரு மீட்புப் பொதியையும் தனியே வைத்திருக்கிறது. பொதி கொஞ்சம் பெரிதாக இருப்பதால் நட்டமில்லை. விநாடிக் கணக்கில் வேகம் தேடுவதும் எமது தேவையல்ல.

நாங்கள் சொல்லும் எளிமை என்பது, அந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் குறைவாக இருப்பது. எத்தனை வன்தட்டு, எத்தனை அடுக்கு, எத்தனை கடவுச்சொல், யார் எழுதிய ஸ்கிரிப்ட் என்பவைதான் கணக்கு. உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் பாவிக்கும் வழமையான ஏற்பாட்டை மாற்றாமல் விடுவது, நாமே செதுக்கிய அழகான ஏற்பாட்டை விடப் பலமடங்கு பாதுகாப்பானது.

மறைகுறியாக்கமும் அப்படித்தான். வெளியே கொண்டுதிரியும் கணினிக்கும், சாட்சியங்களும் மற்றவர்களின் ஆவணங்களும் வைத்திருப்பவர்களுக்கும் அது கட்டாயம் வேண்டும். அதைத் தவிர்ப்பது எளிமையாகாது. ஆனால் கேர்னல் இருக்கும் சிறு பகுதியையும் சேர்த்துப் பூட்டத் தேவையில்லை. அங்கே உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றுமில்லை. அதைப் பூட்டினால் கிரப்பும் கடவுச்சொல் கேட்கத் தொடங்கும். உபுண்டுவின் வழமையான நிறுவலே அந்தப் பகுதியைத் திறந்துதான் வைக்கிறது. அங்கிருக்கும் கேர்னலை யாராவது மாற்றிவிட்டால் அதை ஓடவிடாமல் தடுப்பதற்கு செக்யூர் பூட் இருக்கிறது. அதை அணைக்க வேண்டாம்.

பெரிய நிறுவனங்களும் இப்போது இதே திசையில் யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2012 முதலே, இடையில் பூட்லோடர் இல்லாமல் யூ.ஈ.எஃப்.ஐ நேரடியாகவே லினக்ஸ் கேர்னலை ஓடவிடும் வசதி இருக்கிறது. கிரப் செய்யும் வேலைகள் பலவற்றை லினக்ஸ் கேர்னல் ஏற்கெனவே நன்றாகச் செய்வதால், தனியான பூட்லோடரே வேண்டாம் என்ற திட்டமொன்றை ரெட் ஹட் பொறியியலாளர்கள் 2024 இல் முன்வைத்தார்கள்.

நாங்கள் செய்து கொடுக்கும் ஏற்பாடு

1. ஒரு கணினிக்கு ஒரு வன்தட்டில் ஒரு இயங்குதளம். பல வன்தட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் வேலைகள் வீட்டு மடிக்கணினிக்கு வேண்டாம்.

2. கேர்னல் இருக்கும் பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டால், அதற்குக் குறைந்தது ஒரு ஜிகாபைட் இடம். கேர்னலும் அதன் தொடக்கப் பொதியும் ஒவ்வொரு அப்டேட்டோடும் சேர்ந்துகொண்டே போகும். இடம் நிரம்பினால் புதிய பொதி அரைகுறையாக எழுதப்பட்டு, அடுத்த முறை கணினி எழும்பாது. பலர் சந்திக்கும் பிரச்சினை இது. தவிர்ப்பதும் மிகச் சுலபம்.

3. கிரப்பின் பட்டியல் ஐந்து விநாடிகளாவது தெரியும்படி வைக்கிறோம். பல லினக்ஸ் வகைகள் அதை மறைத்துவிடுகின்றன. புதிய கேர்னல் பிழைத்தால், அந்தப் பட்டியலில் முன்னைய கேர்னலைத் தெரிவுசெய்து உள்ளே போகலாம். ஆகவே குறைந்தது ஒரு பழைய கேர்னலை எப்போதும் விட்டுவைக்க வேண்டும்.

4. தொடக்கத்தில் வரும் அழகான சின்னத்தை எடுத்துவிடுகிறோம். எழுத்து வரிகள் ஓடுவதைப் பார்த்து முதல் நாள் சிலர் திகைப்பார்கள். ஆனால் கணினி ஒருநாள் நின்றால், கடைசி வரியைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பலாம். அந்த ஒரு வரியே பாதி நோயைச் சொல்லிவிடும். சின்னம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் நாங்கள் ஊகிக்கத்தான் முடியும். உங்கள் கணினியில் சின்னம் இருந்தால் பெரும்பாலும் எஸ்கேப் விசையை அழுத்தினால் வரிகள் தெரியும்.

5. கணினியோடு ஒரு யூ.எஸ்.பி குச்சியும் கொடுக்கிறோம். அதில் நிறுவாமலே ஓடக்கூடிய லினக்ஸ் இருக்கும். இந்த யோசனை புதிதல்ல. பிஸிபொக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பு இன்று பல தொடக்கப் பொதிகளுக்குள் இருக்கிறது. டெபியனின் நிறுவலையும் மீட்பு வேலையையும் ஒரே ஃபுளொப்பி தட்டில் அடக்குவதற்காகவே 1990களின் நடுப்பகுதியில் ப்ரூஸ் பெரென்ஸ் அதை எழுதினார்.

6. கடவுச்சொல் ஒரு தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல், கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். மறைகுறியாக்கம் செய்த வன்தட்டின் கடவுச்சொல் மறந்தால் எவராலும் திறக்க முடியாது.

நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் அவசரப்பட வேண்டாம். திரையைப் படமெடுங்கள். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி தொடங்கி, பட்டியலில் முன்னைய கேர்னலைத் தெரிவுசெய்து பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த பிரச்சினை என்றால் பெரும்பாலும் இதிலேயே உள்ளே போய்விடலாம்.

மின்வெட்டுக்குப் பிறகு இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு நின்றால், மேலேயுள்ள வரிகளில் எந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டும் என்று கணினியே பெயர் சொல்லியிருக்கும். எஃப்.எஸ்.சி.கே என்ற நான்கெழுத்துக் கட்டளையை அந்தப் பெயரோடு ஓடவிட்டால் அது சோதித்து, திருத்தலாமா என்று கேட்கும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: வன்தட்டே தேய்ந்து சாகும் நிலையில் இருந்தால், அந்தத் திருத்தம் மேலும் சேதம் செய்யலாம். ஆகவே வன்தட்டில் வழமையற்ற சத்தம் கேட்டாலோ, வாசிப்புப் பிழை என்று வரிவரியாக ஓடினாலோ, எதையும் திருத்தாமல் அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

இரண்டும் சரிவராவிட்டால் யூ.எஸ்.பி குச்சி. அதிலிருந்து கணினியை எழுப்பி, வன்தட்டைத் திறந்து, முக்கியமான கோப்புகளை முதலில் வேறோர் இடத்துக்குப் பிரதி எடுங்கள். பழுது பார்ப்பது அதற்குப் பிறகு. கடையில் ஒருவர் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று சொன்னால், "முதலில் கோப்புகளை எடுத்துத் தாருங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தொடக்க ஏற்பாடு எளிமையாக இருந்தால், லினக்ஸ் தெரிந்த யாரும் சில நிமிடங்களில் அதைச் செய்து தரலாம். நிறுவியவர் ஊரில் இல்லாவிட்டாலும், அவர் வேறு மாகாணத்துக்கு மாறிப் போயிருந்தாலும், அந்த ஏற்பாடு மற்றவருக்கும் விளங்க வேண்டும். இந்த எளிமையை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்கு முதற்காரணம் அதுவே.

இதைச் சோதித்துப் பார்க்க மின்வெட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கணினி நன்றாக ஓடும் ஒரு நாளில், முன்னைய கேர்னலைத் தெரிவுசெய்து ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். யூ.எஸ்.பி குச்சியிலிருந்தும் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலம் போதும்.